பதிமூணாவது நிபந்தனை

என் வாய் சும்மா இருக்காது. ஆயா வேலைக்கு ஆள் அனுப்பற ஏஜென்சியில எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ்னு பேர் வச்சதே அதனாலதான். பிள்ளையை வளக்கப் போற வீட்ல அப்பா அம்மாவையும் சேத்து வளத்துட்டு வர்ற ஆளுன்னு ஏஜென்சி மேனேஜரம்மா எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். இருபத்திரெண்டு வருஷமா பிள்ளை பாக்கறேன். பதினோரு பிள்ளைங்க என் கையில வளந்திருக்கு. எதுக்கும் ஒரு குறை வச்சது கிடையாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் படியில விழுந்து முட்டியைச் சிராச்சுக்கிச்சு, அதுவும் அவங்க மாமா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனப்போ.

பன்னெண்டாவது பிள்ளைக்காகத்தான் அந்த மூணாவது மாடி வீட்டுக்குப் போனேன். கீழ லிஃப்ட் கதவுல "சோதனையில் உள்ளது, உபயோகிக்க வேண்டாம்"னு ஒரு அட்டை தொங்கிச்சு. முணுமுணுத்துக்கிட்டே மூணு மாடியும் ஏறி, மூச்சு வாங்க மணியை அடிச்சா, கதவைத் திறந்த பிள்ளையோட அம்மா, "படியில வந்தீங்களா? அந்த அட்டையை நான்தான் தொங்க விட்டேன்"னு பெருமையா சொல்றாங்க! அவங்க லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அவங்க கையெழுத்து போடாம ஊர்ல ஒரு லிஃப்ட் ஏறாது இறங்காது. லீவுல இருந்தும் சொந்த வீட்டு லிஃப்டை விடல. எனக்கு அப்பவே ஆள் எப்படின்னு புரிஞ்சு போச்சு.

சாப்பாட்டு மேஜையில ரெண்டு காகிதம் தயாரா இருந்துச்சு. ஒப்பந்தம். பன்னெண்டு நிபந்தனை, ஒவ்வொண்ணுக்கும் நம்பர். பிள்ளையோட அப்பா பக்கத்துல உக்காந்திருந்தார். அவருக்கு பல் செட் கட்டற வேலை, வீட்லயே பின்பக்க ரூம்ல பட்டறை. பேசறதுக்கு ரொம்ப யோசிக்கற மனுஷன். நான் சிரிச்சப்போகூட என் பல்லைத்தான் பாத்தார்.

அந்தம்மா ஒண்ணொண்ணா வாசிச்சாங்க. காலையில எட்டு மணியிலிருந்து அஞ்சரை வரைக்கும் வேலை. பிள்ளை தூங்கற நேரம், சாப்பிடற நேரம். டிவி கூடாது, வேலை நேரத்துல போன் கூடாது. உடம்பு சரியில்லன்னா யாரைக் கூப்பிடணும். தினமும் ஒரு நோட்டுல என்ன சாப்பிட்டா, எவ்வளவு தூங்கினான்னு எழுதணும். பன்னெண்டாவதுதான் முக்கியம். நாலு வாரம் சோதனைக் காலம். அதுல யாருக்குப் பிடிக்கலைன்னாலும் அன்னைக்கே நிறுத்திக்கலாம். நாலாவது வெள்ளிக்கிழமை உக்காந்து பேசி முடிவு.

"நல்லா எழுதியிருக்கீங்க. அஞ்சரைக்கு மேல நீங்க வர லேட்டானா என்னன்னு எழுதலையே?"ன்னு கேட்டேன். அந்தம்மா புருவத்தைத் தூக்கிட்டு, பேனாவை எடுத்து முதல் நிபந்தனையிலயே அதையும் சேத்தாங்க. ஒப்பந்தம் எழுதறவங்களை எனக்குப் பிடிக்கும். எழுதாம, "நீங்க எங்க வீட்ல ஒருத்தர் மாதிரி"ன்னு சொல்றவங்களைப் பாத்தாத்தான் பயம். ஒருத்தர் மாதிரின்னு சொல்லிச் சொல்லியே ஞாயித்துக்கிழமையும் வர வச்சுடுவாங்க.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. பதிமூணாவதா எழுதிக்கோங்க. நீங்க நிறுத்தினாலும் சரி, நானா நின்னாலும் சரி, பிள்ளைகிட்ட நானே சொல்லிட்டுத்தான் போவேன். அதுக்கு ஒரு நாள் தரணும்."

அவங்க பேனாவைக் கீழ வச்சாங்க. "ஒண்ணே முக்கால் வயசுப் பிள்ளைகிட்ட என்ன சொல்லுவீங்க? அவளுக்கு என்ன புரியும்?"

"ஒரு ஆள் இருக்காங்களா இல்லையான்னு நல்லாப் புரியும்."

"கடைசி நாள் அவளை அழ வைக்கறதுல எனக்கு இஷ்டமில்ல, ஆயாம்மா." முகம் சட்டுனு கல்லாயிடுச்சு. "சோதனைக் காலம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

பிள்ளையோட அப்பா மேஜையில இல்லாத தூசியைத் துடைச்சார்.

வழக்கமா அந்த இடத்துலயே பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருப்பேன். வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு, அதுதான் என் குணம். ஆனா அப்போ பிள்ளை உள்ளேயிருந்து வந்துச்சு. சுருட்டை முடி, ஒரு காலில மட்டும் சாக்ஸ். என்னைப் பாத்து சிரிக்கல, அழல. நேரா வந்து என் நாற்காலிக்குப் பின்னாடி எட்டிப் பாத்துச்சு. அப்புறம் ஜன்னல் திரையை விலக்கிப் பாத்துச்சு. அப்புறம் செருப்பு அலமாரியைத் திறந்து உள்ள பாத்துட்டு, கதவை மெதுவா சாத்திட்டுப் போயிடுச்சு. ஏதோ பொம்மையைத் தேடுதுன்னு நினைச்சேன். என்னமோ எழுந்திரிக்கத் தோணல. கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன்.

அந்தப் பதிமூணாவதை நான் சும்மா வம்புக்குக் கேக்கல. இதுக்கு முன்னாடி ஒரு வீட்ல ஒரு பொண்ணை மூணு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் வளத்தேன். அவ பேசின முதல் வார்த்தை, முதல் பல், பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், எல்லாம் என் இடுப்புல. ஒரு சனிக்கிழமை அவங்க அம்மா போன் பண்ணி, "திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம், நாங்க வேற ஏற்பாடு பண்ணிட்டோம், ரொம்ப நன்றி"ன்னாங்க. பிள்ளையைப் பாத்துட்டு வர்றேனேன்னு கெஞ்சினேன். "வேண்டாம், ஏங்கிப் போயிடுவா. ஆயா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிக்கறோம்"னு வச்சுட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு கடையில அவளைப் பாத்தேன். ஓடி வருவான்னு கையை விரிச்சுக்கிட்டு நின்னேன். என் கண்ணை நேராப் பாத்தா. பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு கோபம். நான்தான் அவளை விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. அன்னைக்கு அந்தக் கடை வாசல்லயே உக்காந்து அழுதேன். அதுக்கப்புறம் நான் பேசற எந்த ஒப்பந்தத்துலயும் இந்த நிபந்தனை இல்லாம இருந்ததில்ல.

இந்த வீட்ல அது இல்லாம சேந்துட்டேன். அதனால எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கிட்டேன். அந்த வரியை எழுதற வரைக்கும் இந்தப் பிள்ளை என்கிட்ட ஒட்டக் கூடாது. சோறு ஊட்டுவேன், குளிப்பாட்டுவேன், தூங்க வைப்பேன். மடியில உக்கார வைக்க மாட்டேன். பாட்டு கிடையாது. செல்லப் பேர் கிடையாது. அவங்க அப்பா அவளை வாண்டுன்னு கூப்பிடுவார், நான் வெறுமனே பாப்பான்னு கூப்பிட்டேன். நாளைக்கே போகச் சொன்னா, அவளுக்கு என்னைத் தேட ஒரு காரணமும் இருக்கக் கூடாது. இது புத்திசாலித்தனம்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

முதல் வாரம் அந்தம்மா குட்டி போட்ட பூனை மாதிரி என்னைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. கையில அட்டை, அட்டையில காகிதம், காகிதத்துல கட்டம் கட்டமா. நான் பால் புட்டியைக் கொதிக்க வச்சா ஒரு டிக். தொட்டித் தண்ணில முழங்கையை வச்சுப் பாத்தா ஒரு டிக். பழத்தை மசிக்கும்போது கொட்டை இருக்கான்னு மறுபடி பாத்தா ரெண்டு டிக்.

"நான் இருமினா அதுக்கும் கட்டம் இருக்காம்மா?"ன்னு கேட்டேன்.

"ஒன்பதாவதுல வரும். உடல்நலம்"னாங்க சிரிக்காம.

பட்டறையிலேர்ந்து பிள்ளையோட அப்பா சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. என்னை ரெண்டாவது நாளே அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டார், நான் அவரைத் தம்பின்னேன். அந்தம்மாவுக்கு மட்டும் நான் கடைசி வரைக்கும் ஆயாம்மாதான்.

ரெண்டாவது வாரம் அவங்க வெளிய போய்ப் பழகணும்னு ஆரம்பிச்சாங்க. நாலு வாரம் முடிஞ்ச திங்கக்கிழமை ஆபீஸ்ல சேரணும். மூணு மாசமா லீவுல இருக்காங்க, அதுக்கு மேல இடத்தைக் காலியா வச்சிருக்க முடியாதுன்னு கடுதாசி வந்திருக்கு. பதினேழு வருஷம் எண்ணெயும் தூசியுமா ஏறி இறங்கிச் சம்பாதிச்ச இடம். அதை விட்டுக் கொடுக்கற பொம்பளை இல்ல அவங்க. அதனால தினம் ரெண்டு மணி நேரம் வெளிய போயிட்டு வருவாங்க.

எப்படிப் போவாங்கன்னு கேக்கறீங்களா? நான் பிள்ளைக்கு ஏதாவது வேடிக்கை காட்டணும். அந்த நேரம் பாத்து, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, அடுப்படிக் கதவு வழியா பின்படியில இறங்கிடுவாங்க. சொந்த வீட்ல திருடி மாதிரி! அஞ்சு நிமிஷம் கழிச்சு பிள்ளை நிமிந்து பாக்கும். அம்மா இல்லைன்னதும் அழாது. எழுந்து போய் அலமாரியைத் திறக்கும். திரைக்குப் பின்னாடி பாக்கும். கட்டிலுக்கு அடியில படுத்துப் பாக்கும். துணி துவைக்கற மெஷினுக்குள்ளகூட தலையை விட்டுப் பாக்கும். அழுத பிள்ளையைத் தேத்திடலாம். சத்தமே போடாம வீடு முழுக்கத் தேடற பிள்ளையை என்ன பண்றது?

மூணாவது நாள் அவங்க திரும்பி வந்ததும் வாயைத் திறந்துட்டேன். "முன்வாசல் வழியா சொல்லிட்டுப் போங்கம்மா."

"அழுவா."

"அழட்டும். அழுதா முடிஞ்சுடும். தேடினா முடியாது."

"நான் அபிப்பிராயம் கேக்கல, ஆயாம்மா." அட்டையில ஏதோ எழுதினாங்க. டிக் இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது.

அன்னைக்கு தம்பி பட்டறையிலேர்ந்து கையைத் துடைச்சுக்கிட்டு அடுப்படிக்கு வந்தார். "அவ மேல கோபப்படாதீங்க, அக்கா. முன்னாடி ஒரு பொண்ணு இவளைப் பாத்துக்கிட்டா. வாண்டு அதை அக்கா அக்கான்னு உயிரா இருப்பா. மூணு மாசம் முன்னாடி அது திடீர்னு நின்னு போச்சு. அன்னையிலேர்ந்துதான் இந்த அலமாரி திறக்கறது." மேல ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லல. மறுபடியும் பல் கட்டப் போயிட்டார்.

அப்போ முதல் நாள் அது தேடினது பொம்மையை இல்ல. யாரோ ஒருத்தி என் பொழப்புல இருந்துக்கிட்டே பிள்ளையை இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போயிருக்காளேன்னு அந்த முகம் தெரியாத பொண்ணை மனசுக்குள்ள திட்டித் தீத்தேன். என் விதியையும் இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். ஏற்கெனவே ஒருத்தரைத் தேடற பிள்ளை, என்னையும் தேட வேண்டாம்.

மூணாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் தரையில உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். பிள்ளை வந்து என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு கையையும் மேல தூக்கிச்சு. "தூக்கு"ன்னுச்சு. அது வரைக்கும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. என் கை ரெண்டும் தானா எழுந்துச்சு. சத்தியமா சொல்றேன், அந்தக் கையைக் கீழ இறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்துல கிடந்த பந்தை எடுத்து அது கையில கொடுத்தேன். "விளையாடு பாப்பா." அது பந்தைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. பந்தைக் கீழ வச்சுட்டு, தனியாப் போய் ஜன்னல்கிட்ட உக்காந்துக்கிச்சு. நான் மடிச்ச துணியையே மறுபடியும் பிரிச்சு மடிச்சேன். நிமிந்தா அந்தம்மா கதவுகிட்ட நிக்கறாங்க. எவ்வளவு நேரமா நின்னாங்களோ.

நாலாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு மேஜையில உக்காந்தோம், அதே மூணு பேர். பிள்ளை உள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அந்தம்மா அட்டையைத் திருப்பி என் பக்கம் வச்சாங்க. எல்லாக் கட்டத்துலயும் டிக். இருபது நாளும் நேரம் தவறாம வந்திருக்கேன். பிள்ளைக்கு எடை கூடியிருக்கு. தூக்கம் சரி, சாப்பாடு சரி. கடைசி வரி ஒண்ணு மட்டும் அவங்க கையால தனியா எழுதியிருந்துச்சு. "பிள்ளை இவரிடம் தானாகப் போகிறாளா?" அதுக்கு நேரா பத்தொன்பது கட்டத்துலயும் இல்லை, இல்லை, இல்லை. ஒரு நாள் மட்டும் "போனாள். இவர் தூக்கவில்லை."

"உங்க வேலையில குத்தமே இல்ல, ஆயாம்மா"ன்னாங்க. குரல்ல கோபமில்ல, களைப்புதான். "இவ்வளவு சுத்தமா வேலை செய்யற ஆளை நான் பாத்ததில்ல. ஆனா நீங்க என் பொண்ணைத் தொடவே மாட்டேங்கறீங்க. பந்தைக் கொடுத்து அனுப்பிட்டீங்களே, அதை நான் பாத்தேன். அன்னைக்கு என்னால சாப்பிட முடியல. உங்ககிட்ட அவளை விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு. "நான் ஒண்ணு கேக்கறேன்ம்மா. புது லிஃப்ட்ல ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"இரும்பு எடையை வச்சு ஓட்டிப் பாப்போம்."

"ஏன், ஆளையே ஏத்திப் பாக்கலாமே?"

"அறுந்து விழுந்துட்டா?"ன்னு பட்டுனு சொன்னாங்க. சொல்லிட்டு என்னையே பாத்தாங்க.

"அதைத்தான் நானும் நினைச்சேன். நான் தாங்கற ஆளா, அறுந்து போற ஆளான்னு பாக்க உங்களுக்கு நாலு வாரம் வேணும். வேண்டாம்னு தோணினா அன்னைக்கே அனுப்பலாம்னு எழுதியிருக்கீங்க. அந்த நாலு வாரமும் உங்க பொண்ணை என் மேல ஏத்தச் சொல்றீங்க. நான் கதவைத் திறக்காம நின்னேன். ஆசை இல்லாம இல்லம்மா. அன்னைக்கு அது கையைத் தூக்கினப்போ நான் செத்துப் பொழைச்சேன்."

கடையில முகத்தைத் திருப்பிக்கிட்ட பொண்ணோட கதையையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைஞ்சு போச்சு, மறைக்கல. தம்பி எழுந்து போய்த் தண்ணி கொண்டு வந்தார்.

அந்தம்மா தண்ணி டம்ளரை என் பக்கம் நகத்தி வச்சுட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே"ன்னாங்க.

"பதிமூணாவதா எழுதுங்கன்னு சொன்னேனே."

"எழுதுங்கன்னு சொன்னீங்க. ஏன்னு சொல்லலையே."

அவங்க சொன்னது நியாயம். ஊர் உலகத்துக்கெல்லாம் பாடம் எடுக்கற வாய், சொல்ல வேண்டிய ஒண்ணை முழுங்கிட்டு உக்காந்திருந்துச்சு. வெக்கமாப் போச்சு.

"நான் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன்"ன்னாங்க. "இன்னும் ஒரு மாசம் சம்பளம் இல்லாம லீவு கேட்டிருக்கேன். இடம் இருக்குமான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. ஏஜென்சியிலயும் வேற ஆள் கேட்டாச்சு. நீங்க சொல்றது புரியுது, ஆயாம்மா. ஆனா நாலு வாரம் அவளைத் தள்ளி வச்சவங்ககிட்ட இனிமே அவ வருவாளான்னு எனக்குத் தெரியல. அதை மறுபடியும் அவளை வச்சுச் சோதிக்க எனக்கு மனசு வரல." உள் ரூம் பக்கம் பாத்தாங்க. "தூங்கறா. இப்பவே கிளம்பிட்டீங்கன்னா அவளுக்குக் கஷ்டம் இருக்காது."

என்ன தைரியம் பாருங்க! இவ்வளவு சொன்னதுக்கப்புறமும்! ஆனா நான் கத்தல. "இன்னும் இருபது நிமிஷத்துல எழுந்துடுவா. நான் உக்காந்திருக்கேன்"னேன்.

"ஒப்பந்தத்துல அது—"

"இருக்கட்டும்." தம்பிதான் சொன்னார். அவ்வளவு அழுத்தமா அவர் பேசி நான் கேட்டதில்ல. அந்தம்மா அவரைப் பாத்துட்டு ஒப்பந்தத்தை மடிச்சு வச்சாங்க.

உக்காந்திருந்தேன். பிள்ளை எழுந்து, ஒரு பக்கம் முடி கன்னத்துல ஒட்டிக்கிட்டு, கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்துச்சு. நான் தரையில உக்காந்து கையை நீட்டினேன். இனி எனக்கென்ன விதி? நேரா வந்துச்சு. நாலு வாரம் நான் வச்ச தூரத்தையெல்லாம் அது கணக்குல வச்சுக்கவே இல்ல. மடியில ஏறி உக்காந்து என் காதைப் பிடிச்சுக்கிச்சு. தூங்கி எழுந்த சூடு.

"பாப்பா, ஆயா இப்போ வீட்டுக்குப் போறேன். நாளைக்கு வர மாட்டேன். அதுக்கு அப்புறமும் வர மாட்டேன். நீ ஒரு தப்பும் பண்ணல. நீ ரொம்ப நல்ல பிள்ளை. ஆயா அலமாரிக்குள்ள இருக்க மாட்டேன், திரைக்குப் பின்னாடி இருக்க மாட்டேன். என் வீட்ல இருப்பேன். நல்லா இருப்பேன்."

அது என் வாயையே பாத்துச்சு. நான் அதை இடுப்புல வச்சுக்கிட்டு எழுந்து பையை மாட்டினதும்தான் அதுக்குப் புரிஞ்சுது. உதடு பிதுங்குச்சு. அப்புறம் அழுதுச்சு பாருங்க, அந்த நாலு வாரத்துல நான் கேக்காத அழுகை. அந்தம்மா ஓடி வந்து வாங்கப் பாத்தாங்க. வேண்டாம்னு தலையாட்டினேன். அது விக்கி விக்கி அடங்கற வரைக்கும் தோள்ல போட்டுத் தட்டினேன். அப்புறம்தான் அவங்க கையில கொடுத்தேன். சோதனை முடிஞ்சு ஓட ஆரம்பிச்சிருந்த லிஃப்ட் வரைக்கும் அம்மாவும் பிள்ளையும் வந்தாங்க. நான் உள்ள போனதையும், கதவு மூடினதையும், பிள்ளை கண்ணால பாத்துச்சு. கீழ வந்து சேர்றதுக்குள்ள என் முந்தானை நனைஞ்சு போச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில போன் வந்துச்சு. அந்தம்மா.

"ஆயாம்மா, அவ உங்களைத் தேடல"ன்னாங்க.

வேற எந்தப் பிள்ளையைப் பத்தி அப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிருக்கும். இந்தப் பிள்ளை தேடலைன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

"வெள்ளிக்கிழமை நீங்க போனதும் இன்னும் கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் பால் குடிச்சா. எப்போ அலமாரியைத் திறப்பான்னு நான் அவ பின்னாடியே நடந்தேன். திறக்கல. நேத்து முழுக்கத் திறக்கல. லிஃப்டைக் காட்டி, 'ஆயா வீடு'ன்னு சொன்னா. அவ்வளவுதான். நேத்து கடைக்குப் போகும்போது நான் முன்வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனேன். அழுதா. திரும்பி வந்தப்போ விளையாடிக்கிட்டு இருந்தா." மூக்கை உறிஞ்சினாங்க. "நீங்க சொன்ன வரியை எழுதிட்டேன். சோதனைக் காலத்தை அடிச்சுட்டேன். திங்கக்கிழமை வருவீங்களா?"

"வர்றது பெரிசில்லம்மா. வர மாட்டேன்னு அவகிட்ட என் வாயால சொல்லிட்டேனே. இப்போ வந்து நின்னா நான் சொன்னது பொய்யாயிடும். அப்புறம் யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டா. மறுபடியும் அலமாரியைத் திறப்பா."

"அப்போ என்ன பண்றது?"

"நீங்க சொல்லணும். நான் வர்றதுக்கு முன்னாடி. ஆயா பொய் சொல்லல, அம்மாதான் முடிவை மாத்திக்கிட்டேன்னு."

அவளுக்கு என்ன புரியும்னு கேப்பாங்கன்னு எதிர்பாத்தேன். கேக்கல. போனை எங்கயோ வைக்கற சத்தம் கேட்டுச்சு. கட் பண்ணல.

"வாண்டு, இங்க வா. அம்மா மடியில உக்காரு. அம்மா ஒண்ணு சொல்லணும்." நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. "ஆயா வர மாட்டேன்னு சொன்னாங்கல்ல? அது உண்மைதான். அம்மாதான் அவங்களைப் போகச் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். இப்போ வாங்கன்னு கூப்பிட்டிருக்கேன்."

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அந்தம்மா நிறுத்தல. குரல் ரொம்பத் தணிஞ்சு போச்சு.

"அக்காவைத் தேடுவியே, கண்ணு, மூணு மாசமா. அக்கா உன்னை விட்டுட்டு ஓடிப் போகல. அவளையும் அம்மாதான் போகச் சொன்னேன், நீ தூங்கிக்கிட்டு இருக்கும்போது. நீ எழுந்து அவளைத் தேடின. வருவா வருவான்னு நான் உன்கிட்ட தினம் பொய் சொன்னேன். அக்கா வர மாட்டா, கண்ணு. அவ இந்த வீட்ல எங்கயும் இல்ல."

முதல்ல பிள்ளை அழ ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் அம்மா. நான் போனை வைக்கல. ரெண்டு பேரும் அழுது முடிக்கற வரைக்கும் காதுல வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்.